காலில் வரும் அடைப்பு நம் தலையெழுத்தா?



தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "எங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க ஐயா, காலை எடுத்தாங்க. தாத்தாவுக்கும் இனிப்பு நீர்தான். இது எங்க பரம்பரை, ரத்தத்துல ஊறுனது. நம்ம தலையெழுத்து அவ்வளவுதான்!" இப்படிச் சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக் கொள்கிறவர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி பொய். அந்தப் பொய்யான பாதிதான் நம் ஜனங்களின் காலை வாங்குகிறது. விஞ்ஞானிகள் இப்போது எபிஜெனெடிக்ஸ் என்றும் புறமரபியல் என்றும் சொல்கிற ஒரு படிப்பு, இந்தத் தலையெழுத்துக் கதையைப் புரட்டிப் போட்டிருக்கிறது. நான் ஐந்தாம் பாரம் வரை படித்தவன். டாக்டர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்லுகிறேன்.

அடைப்பு என்றால் என்ன?

பால் மரம் சீவியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மரப்பட்டைக்குள்ளே மயிரிழை போன்ற குழாய்களில் பால் ஓடுகிறது. வெட்டிய கொஞ்ச நேரத்தில் பால் கட்டி, குழாயின் வாயை அடைத்துக் கொள்கிறது, ஓட்டம் நிற்கிறது. நம் காலுக்குப் போகிற ரத்தக் குழாய்க்குள்ளும் அப்படித்தான். கொழுப்பும் சுண்ணாம்பும் பல வருஷமாகப் படிந்து, குழாய் உள்ளே தடித்து, வழி குறுகிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கொஞ்ச ரத்தமே போதும். நடக்கும்போது கெண்டைக்கால் கூடுதல் ரத்தம் கேட்கிறது. வருவதற்கு வழியில்லை. அப்போதுதான் கால் கடுக்கிறது.

அடையாளத்தைக் கவனியுங்கள். முன்பு ஒரே மூச்சில் நிரை முடித்தவர் பாதி நிரையில் நின்றுவிடுகிறார். இரண்டு நிமிஷம் நின்றால் வலி போய்விடுகிறது. மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி வலி. "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார். பிறகு பாதம் சில்லென்று இருக்கும், முழங்காலுக்குக் கீழே முடி உதிரும், சின்னக் காயம் மாதக் கணக்கில் ஆறாது. முற்றிப் போனால் ராத்திரியில் படுக்க முடியாமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு அப்புறம் விரல் கறுக்கும்.

பலருக்கு வலியே தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இனிப்பு நீர் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைக் கொன்றிருந்தால், முள் குத்தினாலும் தெரியாது, அடைப்பும் தெரியாது. காலில் அடைப்பு உள்ளவருக்கு இருதயத்திலும் மூளைக்குப் போகிற குழாயிலும் அடைப்பு இருக்கக்கூடும். ஆகவே மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் கால் முன்கூட்டியே அடிக்கிற மணி இது.

தோட்டத்தில் காலை இழந்தவன் கால் மட்டுமா இழக்கிறான்? செம்பனைக் குலை வெட்ட முடியாது, காண்டா வாளி தூக்க முடியாது. வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாறுவார்கள். ஒரு கால் விரலில் ஆரம்பித்தது ஒரு குடும்பத்தையே பெயர்த்துவிடும். ஆகவேதான் இதைத் தொழிற்சங்க விஷயம் என்று சொல்கிறேன்.

ஒரே தாய் மரம், வேறு வேறு கதி

பரம்பரைக்குப் பங்கு உண்டு. அப்பா அம்மாவிடமிருந்து வருகிற மரபணுவில் சில, இந்த வியாதி வருவதற்கு இடம் கொடுக்கின்றன. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மரபணு மட்டுமே எல்லாம் என்றால், ஒட்டு மரத்தைப் பாருங்கள்.

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு பேராக் முழுவதும் எத்தனையோ ரகம் வந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்கிற ஒட்டு ரகம் பழைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே தாய் மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டியவை அத்தனையும். எல்லா மரத்துக்கும் மரபணு ஒன்றுதான். ஆனாலும் நிதானமாகச் சீவிய மரம் வருஷக் கணக்கில் பால் தருகிறது. மருந்து தடவி, ஓய்வு கொடுக்காமல், அளவுக்கு மீறி வெட்டிய மரம் பட்டை காய்ந்து பால் வற்றிப் போகிறது. ஜாதி ஒன்று, கதி வேறு! மரத்தை எப்படி நடத்தினோம் என்பது மரத்துக்குள்ளே இறங்கிவிட்டது.

மனிதனிலும் இதுபோன்ற ஒன்று நடக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு சின்ன அறையிலும், அதாவது செல்லிலும், முழு மரபணுப் புத்தகம் இருக்கிறது. கண்ணில் உள்ள செல் சில பக்கங்களைப் படிக்கிறது, ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள செல் வேறு பக்கங்களைப் படிக்கிறது. எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று காட்ட, மரபணுவின் மேல் சின்னச் சின்ன ரசாயன அடையாளங்கள் ஒட்டியிருக்கின்றன. மெத்தில் என்பது அதில் ஒன்று. வெட்ட வேண்டிய மரத்துக்கும் விட வேண்டிய மரத்துக்கும் சாயம் பூசி அடையாளம் வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தால் மரம் மாறுவதில்லை. ஆனால் சீவுகிறவன் கை அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. இந்த அடையாளங்களைப் பற்றிய படிப்புதான் எபிஜெனெடிக்ஸ்.

இந்தச் சாயத்தைப் பூசுவது யார் என்பதுதான் இப்போது கேள்வி. காலின் ரத்தக் குழாயைப் பொறுத்தவரை மூன்று கைகளைச் சொல்வேன்.

முதல் கை: புகையிலை

நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற டாக்டர் 1908-இல் கால் விரல் அழுகிப் போன வாலிபர்களின் ரத்தக் குழாய்களை ஆராய்ந்து எழுதினார். அந்த வியாதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வருகிற வியாதி. பீடி குடிக்கிற இந்தியாவில் நிறையப் பார்க்கிறார்கள். வயதானவர்களுக்கு வருகிற சாதாரண அடைப்புக்கும் புகைதான் முதல் கூட்டாளி.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். 2008-இல் ஐஸ்லாந்து விஞ்ஞானிகள் காலில் அடைப்பு வருவதோடு சம்பந்தப்பட்ட ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டார்கள். அது என்ன செய்கிறது? அது உள்ளவர் சிகரெட் பிடித்தால், நிக்கோட்டினுக்கு மற்றவர்களைவிட அதிகமாக அடிமையாகிறார்! ஆக, பரம்பரையில் வந்தது என்று சொல்கிற விஷயம்கூட சிகரெட் வழியாகத்தான் பெரும்பாலும் காலுக்கு வந்து சேருகிறது. பற்ற வைக்காதவனிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை.

2016-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில் ஏறக்குறைய 16,000 பேரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். புகை பிடிக்கிறவர்களுக்கு ஆயிரக்கணக்கான மரபணுக்களில் மெத்தில் அடையாளம் மாறியிருந்தது. புகையை விட்டவர்களுக்கோ, விட்ட ஐந்து வருஷத்துக்குள் பெரும்பாலான அடையாளங்கள், புகையே பிடிக்காதவரின் நிலைக்குத் திரும்பியிருந்தன. சில அடையாளங்கள் மட்டும் 30 வருஷம் ஆகியும் போகவில்லை.

இதைத்தான் மனதில் பதிய வைக்க வேண்டும். எழுத்து இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அழிகிற எழுத்து. "முப்பது வருஷமா பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப் போவுது?" என்று கேட்கிற பெரியவர்களுக்கு இதுதான் பதில். ஆகிறது ஐயா! அதோடு, சில எழுத்து அழியாது என்பதால் பதினைந்து வயதுப் பையனை ஆரம்பிக்கவே விடக்கூடாது. வேப் பிடித்தால் தோஷமில்லை என்று பையன்கள் நினைக்கிறார்கள். அதிலும் நிக்கோட்டின் இருந்தால் ரத்தக் குழாயைச் சுருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது கை: இனிப்பு நீர்

மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 31 பேர்! சென்னையில் செய்து 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காலில் அடைப்பு நீரிழிவு உள்ளவர்களில் 100-க்கு 6 பேருக்கு இருந்தது. நீரிழிவு இல்லாதவர்களில் 100-க்கு 3 பேருக்கும் குறைவு. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கத்தில் நம் ஜனங்கள் ஏன் கால்களை இழக்கிறார்கள் என்று புரியும்.

"நேத்து டெஸ்ட்டுல நல்லாதான் இருந்துச்சே" என்பார்கள். மெல்போர்னில் 2008-இல் ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களை எடுத்து 16 மணி நேரம் அதிகச் சர்க்கரையில் வைத்தார்கள். பிறகு சரியான அளவுக்குக் கொண்டு வந்தார்கள். சர்க்கரை சரியாகி 6 நாள் ஆகியும் அந்தச் செல்கள் பழைய கோபத்திலேயே இருந்தன. அடையாளம் மாறியது மாறியதுதான். ரத்தக் குழாய்க்கு ஞாபகம் உண்டு!

மனிதர்களிலும் இது தெரிந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நீரிழிவு நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். ஆராய்ச்சி முடிந்தபின் இரண்டு கூட்டத்தின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் கட்டுப்படுத்தியவர்களுக்கு ரத்தக் குழாய் வியாதி பல வருஷம் கழித்தும் குறைவாகவே வந்தது. அந்த நோயாளிகளின் மெத்தில் அடையாளங்களை ரமா நடராஜன் என்ற விஞ்ஞானியின் குழு ஆராய்ந்து, பழைய சர்க்கரையின் தடம் வருஷக் கணக்கில் நிற்பதை 2016-இல் காட்டியது.

ஆகவே, இனிப்பு நீர் என்று தெரிந்த முதல் வருஷமே மிக முக்கியமான வருஷம். "இப்பத்தானே வந்திருக்கு, கொஞ்ச நாள் பாக்கலாம்" என்று தள்ளுகிற அந்தக் கொஞ்ச நாளைக் கால் மறக்காது. மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்ற பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்துகிறவர்களே, சர்க்கரையைக் கட்டாமல் விடுவதுதான் கிட்னியையும் காலையும் சேர்த்துக் கெடுக்கிறது.

மூன்றாவது கை: கர்ப்பத்துப் பசி

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படைகள் உணவை மறித்ததால் பெரும் பஞ்சம். அந்தச் சமயத்தில் கருவில் உண்டான பிள்ளைகளை அறுபது வருஷம் கழித்து ஆராய்ந்தார்கள். 2008-இல் வெளியிட்டார்கள். பஞ்சத்தில் உருவாகாத அவர்களுடைய அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளோடு ஒப்பிட்டால், வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் மெத்தில் அடையாளம் குறைந்திருந்தது. பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்கு நடுவயதில் சர்க்கரையைத் தாங்கும் சக்தி குறைந்திருந்தது என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். தாய் பட்ட பசி பிள்ளையின் உடம்பில் அறுபது வருஷம் நின்றது.

அதே காலத்தில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது? 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சி. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. ஆம்பிளைகளைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். லயத்தில் மிஞ்சிய கர்ப்பிணிகள் எப்படி இருந்திருப்பார்கள்? நெதர்லாந்துக்காரர்களிடம் பிறப்புக் கணக்கும் ரேஷன் கணக்கும் இருந்தது, ஆராய முடிந்தது. லயத்தில் பிறந்த பிள்ளையின் எடையை எழுதி வைத்தவர் யார்? நமக்கு இன்று வருகிற வியாதிக்கு அந்தப் பசிதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் "உங்க ஜாதிக்கே இந்த வியாதி" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அந்த ஜாதி என்ன தின்றது, என்ன வேலை செய்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

புனே நகரத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் 1993 முதல் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. சதை குறைந்து கொழுப்பு தங்கிய உடம்பு; பின்னாளில் இனிப்பு நீருக்கு வாசல். கர்ப்ப காலத்தில் வயலிலும் வீட்டிலும் கடுமையாக உழைத்த தாய்மாருக்குக் குழந்தை இன்னும் சிறுத்துப் பிறந்தது.

ஆகவே கர்ப்பிணிப் பெண் முட்டை, மீன், பருப்பு, கீரை சாப்பிடுவது ஆடம்பரம் ஆகாது. அவளை உர மூட்டை தூக்கவும், மருந்து அடிக்கவும் விடக்கூடாது. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. நல்லது. ஆனால் அது பிள்ளை பெறுவதை ஒட்டிக் கிடைப்பது. அதற்கு முந்திய மாதங்களில் சம்பளக் குறைவில்லாமல் லேசான வேலை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

குற்றம் யாருடையது?

ஒரு பக்கம் "உங்க ஆளுங்க இனிப்பும் குடியும் விட மாட்டாங்க" என்று தொழிலாளியைத் திட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் நாமே தலையெழுத்து என்று கையை விரிக்கிறோம். இரண்டும் சௌகரியமான பேச்சு. இரண்டிலும் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

எபிஜெனெடிக்ஸ் சொல்வது வேறு. வாழ்க்கை உடம்பில் எழுதுகிறது. அந்த எழுத்தில் ஒரு பங்கு நம் கையில்: சிகரெட், தே தாரிக்கில் போடுகிற பால் சீனி, மருந்தைத் தவற விடுவது. இன்னொரு பங்கு நம் கையில் இல்லை: சம்பளம், வேலைப் பளு, கர்ப்பத்தில் கிடைத்த சோறு, கிளினிக்குக்குப் போனால் போகிற ஒரு நாள் கூலி. முதல் பங்குக்கு நாம் பொறுப்பு. இரண்டாவது பங்குக்குக் கேட்டுப் பெற வேண்டும்.

ஒன்று எச்சரிக்கை. இந்த அடையாளங்களை அழிக்கிறேன் என்று சொல்லிக் கால் அடைப்புக்குக் கொடுக்கிற பொடியோ பானமோ எதையும் வாங்காதீர்கள். ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கிளினிக்கில் கொடுக்க அப்படி ஒரு மருந்து கிடையாது.

நாம் செய்ய வேண்டியது

தினமும் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு, உள்ளங்கால் எல்லாம் பாருங்கள். கண் தெரியாதவருக்குப் பேரப் பிள்ளை பார்க்கட்டும். ஆணியைப் பிளேடால் செதுக்காதீர்கள். சில்லிட்ட காலுக்குச் சுடு தண்ணீர் ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சியில்லாத காலில் வெந்துபோனது தெரியாது. பச்சிலை அரைத்துக் கட்டி நாள் கடத்தாதீர்கள். ஒரு வாரத்தில் ஆறாத புண், கறுத்த விரல், ராத்திரி வலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சீக்கிரம் போனால் குழாயைத் திறக்க வழி இருக்கிறது. "போனா காலை வெட்டிடுவாங்க" என்று பயந்து தாமதிப்பதால்தான் கடைசியில் வெட்ட வேண்டி வருகிறது.

புண் இல்லாமல், நடந்தால் மட்டும் வலிக்கிறவர்களுக்கு நடையே மருந்து. வலி வரும்வரை நட, நின்று ஆற விடு, மறுபடி நட. இப்படி அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், மூன்று மாதம். டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

தோட்டம் துண்டாடப்பட்டும், செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியும், புந்தோங், சிலிபின் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்குத் தோட்டத்து டிரஸர் இல்லை. அவர்கள் அரசாங்கக் கிளினிக்கை விடக்கூடாது. ஒரு வெள்ளிதான் கட்டணம். அரசாங்க உதவித் தொகை பெறுகிற 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. எத்தனை பேர் போனோம்?

சங்கம் கேட்க வேண்டியது

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நம் தலைவர்கள் நான்கு விஷயங்களை மேஜை மேல் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: 40 வயதானவர், இனிப்பு நீர் உள்ளவர், புகை பிடிக்கிறவர் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கால் பரிசோதனை. பூட்ஸைக் கழற்றி, பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் நாடி பார்க்க ஐந்து நிமிஷம் போதும். கையின் பிரஷரையும் கணுக்காலின் பிரஷரையும் ஒப்பிடும் சின்னக் கருவி ஒன்றும் வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் கணக்கு 0.7, 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு. இனிப்பு நீர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு சில சமயம் ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்.

இரண்டு: கிளினிக்குக்குப் போகிற நாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது.

மூன்று: காலுக்குச் சரியான அளவில் பூட்ஸ். ஸ்டோரில் இருக்கிற அளவில் கொடுத்து, "மாட்டிக்கோ" என்று சொல்வது கூடாது.

நான்கு: கர்ப்பிணிகளுக்குச் சம்பளக் குறைவில்லாத லேசான வேலை. பிறக்கப் போகிற பிள்ளையின் ரத்தக் குழாய்க்கு இன்று எழுதுகிற எழுத்து அது.

தோழர்களே, தாத்தா காலத்தில் எழுதியதை நாம் படிக்க மட்டும்தான் முடியும். நம் உடம்பிலும் பிள்ளைகள் உடம்பிலும் இனி எழுதப் போவதில் நமக்கும் கை உண்டு. ஆண்கள் இன்றைக்கு அந்தச் சிகரெட்டை அணையுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் அடுத்த கிளினிக் தேதியைத் தவற விடாதீர்கள். பெரட்டுக்கு வரும்போது "நம்ம தோட்டத்துல கால் பரிசோதனை எப்போ?" என்று உங்கள் கிளைத் தலைவரைக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கும்.